ரெண்டு கிலோ நெல்லு!

‘கணியூர்’ என்று சொன்னதும், “டோல்கேட் இருக்குமே, அந்த ஊருங்களா?” என்று கேட்கிற அன்பர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு. அது கருமத்தம்பட்டிப் பக்கத்துக் கணியூர். காசைக் கறந்துகொண்டுதான் வழிவிடும். நான் சொல்வது மடத்துக்குளம் தாலுகாவில், அமராவதிப் பாசனத்தில், ராஜவாய்க்காலும் நெல் வயலுமாக இருக்கிற கணியூர். இங்கே வழிவிடக் காசு கிடையாது. மாடு குறுக்கே நின்றால் மட்டும் அது நகரும்வரை பொறுக்கவேண்டும்.

2009-ல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது எங்களைக் கோவையிலிருந்து கழற்றி இந்தப் பக்கம் மாட்டினார்கள். ரெவின்யூ ரிக்கார்டில்தான் அன்றைக்குத் திருப்பூர்க்காரர்கள் ஆனோம். வயிற்றுக் கணக்கில் அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆகிவிட்டோம். அண்ணன் தோட்டத்தில், தம்பி பனியன் கம்பெனியில் என்பது எங்கள் பக்கத்துக் குடும்ப வழக்கம். அடியேன் தம்பி ரகம். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். வாரம் ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊர்.

அக்கவுண்ட்ஸ்காரனுக்கு இடுகாட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இந்தக் கட்டுரையே ஒரு பழைய இடுகாட்டுச் செலவுக் கணக்கைப் பற்றித்தான்.

எங்கள் மாமாவுக்கு மலையடிவாரம் பார்க்க இரண்டரை ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கிறது. (கொங்கு நாட்டில் காடு என்றால் புலி, சிங்கம் தேடாதீர்கள். வானம் பார்த்த நிலம், அவ்வளவுதான்.) அந்தக் காட்டின் மூலையில் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாகப் பதிந்து கிடக்கும். சின்ன வயதில் அதன்மேல் ஏறி உட்கார்ந்து நிலக்கடலை தின்றிருக்கிறேன். “பாண்டியன் குழி, அங்கெல்லாம் போகாதே” என்று அமுச்சி விரட்டும். பாண்டியன் எதற்கு எங்கள் காட்டில் வந்து குழி வெட்டினான் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பெருங்கற்காலத்து ஈமச்சின்னம் என்பது பிற்பாடு தெரிந்தது. ஊருக்கு ஊர் பெயர் மாறும். பாண்டியன் குழி, பாண்டவர் குழி, மாண்டவர் குழி... எல்லாம் ஒன்றுதான். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இடுகாடு.

போன மாசம் மாமா போன் பண்ணினார்.

“சாமி, காட்டைச் சமன் பண்ணித் தென்னை வைக்கலாம்னு இருக்கறன். அடுத்த ஞாயித்துக்கெழமை ஜே.சி.பி. வருது. அந்தக் கல்லையெல்லாம் நெம்பி எடுக்கறப்ப புதையல் கிதையல் வந்தா கணக்குப் பார்க்க நீ வந்துரு!”

புதையல் என்ற வார்த்தை என் பக்கத்து சீட்டு மெர்ச்சண்டைசர் காதில் விழுந்துவிட்டது. என் பால்ய நண்பன், உடுமலைக்காரன். “பங்காளி, ஜே.சி.பி. வர்றதுக்கு முன்னால நாம ஒருக்கா பொருந்தல் போய்ட்டு வந்துரலாம். அங்கதான இந்த மாதிரிக் குழியத் தோண்டுனாங்க. உள்ள என்ன இருக்குமுன்னு ஒரு ஐடியா கிடைக்கும்” என்றான். மெர்ச்சண்டைசர் அல்லவா? சாம்பிள் பார்க்காமல் ஆர்டர் எடுக்கமாட்டான்.

கணியூரிலிருந்து மடத்துக்குளம், அங்கிருந்து பழனி ரோடு. வலது கைப் பக்கம் மலை கூடவே வரும். சண்முக நதிப் பாலம் தாண்டினால் பழனி. முருகனுக்கு ரோட்டிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் போனால் மலையின் காலடியில் பொருந்தல். சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் ஊர் இதுதான் என்று சொல்வார்கள். அங்கே ஓடும் பொருந்தலாறு சண்முக நதியில் கலந்து, கடைசியில் எங்கள் அமராவதியில்தான் சேர்கிறது. ஆக, தண்ணீர் வழியில் பார்த்தால் பொருந்தல் எங்களுக்குச் சொந்தக்கார ஊர்.

போய்ச் சேர்ந்தால் பார்க்க என்ன இருக்கிறது? மலை இருக்கிறது, காற்று இருக்கிறது, தென்னை இருக்கிறது. அகழாய்வுக் குழிகளை வேலை முடிந்ததும் மூடிவிடுவது வழக்கம். “இதைப் பார்க்கவா பெட்ரோல் போட்டோம்?” என்று மெர்ச்சண்டைசர் முகத்தைத் தூக்கிக்கொண்டான். ஆனால், அந்த மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்த கதையைக் கேட்டால் முகம் தானாக இறங்கிவிடும்.

2009, 2010-ம் வருஷங்களில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் இங்கே தோண்டினார்கள். மக்கள் வாழ்ந்த மேட்டில் ஏராளமான கண்ணாடி மணிகள் கிடைத்தன. ஈமக்குழிகளில் கற்பலகைகளை நிறுத்தி அறை மாதிரி கட்டி, அதற்குள் எலும்புகளையும் படையல் பொருள்களையும் வைத்திருந்தார்கள். மணிகள், இரும்புச் சாமான்கள், சட்டி பானைகள். பானையை நிறுத்துகிற பிரிமனை மாதிரியான ஒரு மண் தாங்கியில் ‘வய்ர’ என்று தமிழி எழுத்து கீறியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாலு கால் வைத்த ஒரு ஜாடி. அதற்குள் சுமார் 2 கிலோ நெல்!

நெல்லை அமெரிக்காவுக்கு அனுப்பி, பீட்டா அனலிட்டிக் என்ற ஆய்வுக்கூடத்தில் காலம் கணித்தார்கள். கி.மு. 490 என்று பதில் வந்தது. ஒரே ஒரு மாதிரியை வைத்து எப்படி முடிவு கட்டுவது என்று சில அறிஞர்கள் தயங்க, இன்னொரு மாதிரியும் போனது. கி.மு. 450 என்றது அது. அந்த நெல்லோடு கிடைத்த எழுத்துக்கும் அதே வயசு என்பதால், தமிழ் எழுத்தின் காலம் பற்றிய சர்ச்சை சூடு பிடித்தது. எல்லோரும் எழுத்தைப் பற்றிப் பேசினார்கள். பேசவேண்டியதுதான். ஆனால், என் மண்டையில் நெல்தான் உட்கார்ந்துகொண்டது.

ஏன் என்றால், செத்தவர் சாப்பிடப் போவதில்லை என்பது கி.மு. 490-லும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் 2 கிலோ நெல்லை மண்ணுக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், வவுச்சர் இருக்கிறது, செலவு இருக்கிறது, வரவு இல்லை. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

இந்தப் பழக்கம் நெல் விளைவிக்கத் தெரிந்த பிறகு வந்ததா என்றால், அதுவும் இல்லை. உழவுக்கு முன்பே, வேட்டையும் மீனுமாக வயிறு கழுவிய காலத்திலேயே இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் பிரதாப்கர் மாவட்டத்தில் மகாதகா, தம்தமா என்று இரண்டு ஊர். கங்கைச் சமவெளியில் பழைய ஆறு தடம் மாறிப் போனதில் தேங்கிய ஏரிக்கரைகள். அலகாபாத் பல்கலைக்கழகத்தார் 1970, 80-களில் அங்கே தோண்டினார்கள். மானும் மீனும் ஆமையும் தின்று வாழ்ந்தவர்கள், இறந்தவர்களைத் தங்கள் அடுப்புக்குப் பக்கத்திலேயே புதைத்திருந்தார்கள். சிலரோடு எலும்பில் செய்த நகை, எலும்பு அம்புமுனை. தம்தமாவில் ஒரு குழியில் யானைத் தந்தத்தில் ஒரு தொங்கட்டான்.

கடல் தாண்டிப் போனாலும் இதே கதை. ரஷ்யாவில் ஒனேகா என்ற பெரிய ஏரிக்கு நடுவில் ஒரு தீவு. அதன் பெயரே மான் தீவு. சுமார் 8,200 வருஷத்துக்கு முன்னால் அங்கே புதைக்கப்பட்ட வேட்டைக்காரர்களின் குழிகளை 1930-களில் தோண்டினார்கள். மூஸ் என்கிற பிரம்மாண்டமான மானின் முன்பற்கள் மட்டும் 4,000-க்கும் மேல்! துணியில் வரிசையாகத் தைத்து, உடம்போடு உடுத்திப் புதைத்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் மெர்ச்சண்டைசர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“பங்காளி, ஒரு மானுக்கு எத்தனை முன்பல்லு?”

“எட்டு.”

“அப்ப மொத்தக் கன்சம்ப்ஷன் ஐந்நூறு மானு! வேஸ்டேஜ் சேர்க்காம!”

பையருக்கு விலை கொடுக்கக் காஸ்டிங் போட்டே பழகிய வாய். ஆனால் அவன் போட்ட கணக்கு சரிதான். ஒருத்தர் உடம்பில் நூறு பல் இருந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று மான். கல் முனை ஈட்டியோடு பனிக்காட்டில் அலைந்து பிடித்தவை. அத்தனை வேட்டையின் அடையாளத்தையும் ஒரே நாளில் மண்ணுக்குள் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

அப்புறம் டென்மார்க்கில் வெட்பெக் என்ற ஊர். 1975-ல் கண்டுபிடித்த இடுகாடு. ஏழாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடலோரத்தில் மீன் பிடித்து வாழ்ந்தவர்களுடையது. அதில் ஒரு குழியில் ஓர் இளம் தாய், பக்கத்தில் பிறந்த குழந்தை. பிரசவத்தில் போயிருக்கலாம். அந்தக் குழந்தையை வெறும் மண்ணில் கிடத்தவில்லை. ஓர் அன்னத்தின் இறக்கையை விரித்து, அதன்மேல் கிடத்தியிருக்கிறார்கள். இடுப்பருகே ஒரு சின்னக் கல் கத்தி. ஒரு நாள்கூட முழுசாக வாழ்ந்ததோ என்னவோ, அதற்கும் ஒரு கத்தி! அது வளர்ந்திருந்தால் என்ன வேலை செய்திருக்கும் என்று அந்த அப்பன் யோசித்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டபிறகு மெர்ச்சண்டைசர் காஸ்டிங் போடவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணினான்.

சரி, நம்ம திருப்பூர்க்காரர்கள் ஒன்றும் வைக்கவில்லையா? வைத்தார்கள். நொய்யல் கரையில், சென்னிமலைக்கு மேற்கே கொடுமணல். 1985-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆரம்பித்து, பல முறை தோண்டிய இடம். கல்லை அறுத்து மணி செய்வதும், இரும்பு உருக்குவதும் அந்த ஊர்த் தொழில். அங்கே ஓர் ஈமக்குழியில் மட்டும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள்! சூதுபவளம் நம் ஊரில் கிடைக்காது, குஜராத் பக்கமிருந்து வரவேண்டிய கல். அதை வரவழைத்து, ஒவ்வொன்றையும் தேய்த்து, நட்டநடுவில் ஓட்டை போட்டு... பீஸ் ரேட்டில் கணக்குப் போட்டாலே தலை சுற்றும். இன்னும், நீளமான இரும்பு வாள், கல் பதித்த வெண்கலப் புலி. எல்லாம் விற்றால் காசாகிற சரக்கு. விற்கத் தெரிந்தவர்கள்தான் வைத்திருக்கிறார்கள்.

கொடுமணலில் இன்னொரு சாமானும் கிடைத்தது. சுட்ட மண்ணில் செய்த தக்களி வட்டு, நடுவில் இரும்புக் கம்பி. ஆக, நூல் நூற்றிருக்கிறார்கள். அன்றைக்கே நாம் நூல் பார்ட்டிதான்! குழிக்குள் துணியும் வைத்திருப்பார்களோ? வைத்திருந்தாலும் பருத்தி மண்ணோடு மண்ணாகிவிடும். மணி நிற்கும், இரும்பு துருப்பிடித்தாவது நிற்கும், துணி நிற்காது. திருப்பூர்க்காரன் வைத்த படையல்தான் முதலில் காணாமல் போகும்.

இப்போது அந்தக் கவலையும் இல்லை. பாலியஸ்டர் வந்துவிட்டது. இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்து எவனாவது தோண்டினால், எலும்புக்குப் பக்கத்தில் ஒரு லேபிள் கிடைக்கும். சைஸ் எக்ஸெல், மேட் இன் இந்தியா, வெந்நீரில் துவைக்காதே. ‘இது அவர்களுடைய மந்திரமாக இருக்கலாம்’ என்று அவன் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவான்.

சிரித்துவிட்டுப் போய்விட முடியாத ஒரு விஷயமும் உண்டு. நாமும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். வாய்க்கரிசி, நெற்றிக்காசு, உறவுக்காரர்கள் போர்த்துகிற கோடித்துணி. அரிசி நாலு மணி, காசு ஒரு ரூபாய். கோடி மட்டும்தான் கொஞ்சம் செலவு. பழையவர்கள் வைத்த குவியல் சுருங்கிச் சுருங்கி இப்போது ஒரு கைப்பிடியில் வந்து நிற்கிறது.

சில வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தெரிந்த ஒரு கட்டிங் மாஸ்டர் தவறிப்போனார். முப்பது வருஷம் பனியன் துணி வெட்டிய கை. அவருடைய பெரிய கத்தரிக்கோலை, வேறு யாரும் தொட விடமாட்டார். அவர் மகன் அதைக் கொண்டுவந்து, குழியில் இறக்கும்போது அப்பா கைப்பக்கத்தில் வைத்தான். எல்லோரும் விம்மினோம். மண் தள்ளப் போகிற நேரம். பெரியவர் ஒருத்தர் மெதுவாகக் குனிந்து அதை எடுத்து, பையன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “கண்ணு, நாளைக்கு நீதான் வெட்டோணும். அப்பன் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாரு.”

இரண்டுமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது. பையன் வைத்ததும் சரி, பெரியவர் எடுத்ததும் சரி. ஆனால், அந்த ஒரு நிமிஷத்தில்தான் படையல் என்றால் என்ன என்று புரிந்தது. வீட்டில் மிச்சமாகக் கிடப்பதை வைத்தால் அதன் பெயர் படையல் இல்லை. நாளைக்கு வேண்டியதை வைத்தால்தான் வலிக்கும். மான் தீவுக்காரன் வேட்டையை வைத்தான், கொடுமணல்காரன் சரக்கை வைத்தான், பொருந்தல்காரன் நெல்லை வைத்தான். அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள், செத்தபின் எங்கே போவதாக நம்பினார்கள் என்பதெல்லாம் எலும்பில் எழுதியில்லை. ஆனால், செத்தவர் எவ்வளவு வேண்டியவர் என்பதைச் செலவுப் பக்கத்தில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு நோட்டு வேறு எங்கேயும் இல்லை, குழிக்குள்தான் இருக்கிறது. எது எதன்மேல் இருந்தது, எது கைப்பக்கம், எது தலைமாடு என்பதுதான் அதன் எழுத்து. ஒரு தடவை ஜே.சி.பி. வாளி உள்ளே போய் வந்தால் மணி கிடைக்கலாம், பானை ஓடு கிடைக்கலாம். கணக்கு கிடைக்காது. பக்கத்தையெல்லாம் கிழித்துக் கலைத்துப் போட்டமாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா காட்டில் ஜே.சி.பி. வந்து நின்றுகொண்டிருந்தது. நான் முதலில் சட்டத்தை எடுத்தேன்.

“மாமா, 1878-லயே வெள்ளைக்காரன் புதையல் சட்டம் போட்டு வெச்சிருக்கறானுங்க. பத்து ரூபாய்க்கு மேல மதிப்பா மண்ணுக்குள்ள எது கிடைச்சாலும் கலெக்டருக்குச் சொல்லோணுமுங்க.”

“பத்து ரூபாயா? அதுக்கு இன்னிக்கு ஒரு நல்ல டீ வருமா சாமி?”

சட்டம் எடுபடவில்லை. ஈராயிரம் மணி, வெண்கலப் புலி என்று மெர்ச்சண்டைசர் ஆரம்பிக்கப் போனான். நான் அவன் காலை மிதித்தேன். புலி என்று கேட்டால் மாமாவே இறங்கித் தோண்டிவிடுவார்! அப்புறம்தான் நெல் கதையைச் சொன்னேன். நாலு கால் ஜாடி, 2 கிலோ நெல், கி.மு. 490.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அரிசியா, நெல்லா?”

“நெல்லுங்க.”

“நெல்லுன்னா அது வெதை, சாமி. சோத்துக்குன்னா அரிசி வெச்சிருப்பான். வெதை நெல்ல எடுத்து வெச்சிருக்கறான் பாரு... வீட்ல கொலப்பட்டினியா இருந்தாலும் எங்கப்பன் வெதை நெல்லுல கை வெக்க உடமாட்டாரு.”

இதை ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொள்வார்களா, தெரியாது. அவர்கள் ‘நெல்’ என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வார்கள், அது அவர்கள் ஒழுக்கம். தாமிரபரணிப் பக்கம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று காலம் சொல்லி, 2021-ல் சட்டசபையிலேயே அறிவித்தார்கள். அங்கே கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஆனால் அறுபது வருஷம் விதை நெல்லைக் கோட்டை கட்டிக் காபந்து பண்ணிய கை சொல்கிறது. நான் மறுத்துப் பேசவில்லை.

மாமா ஜே.சி.பி.க்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். “தம்பி, அந்த மூலைய உட்டுட்டு ஓட்டு. கல்லுல வாளி படக்கூடாது.”

“ஏனுங்க, அங்க ஆறு தென்னை வருமுங்களே?”

“வந்தா வருது போ. அவன் வெதையவே உட்டுப்போட்டுப் போயிருக்கறான், நான் ஆறு தென்னைய உட மாட்டனா?”

மறுநாள் தாலுகா ஆபீஸில், கல்வட்டம் இருக்கிற இடத்தைக் குறித்து ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். உங்கள் காட்டிலோ, மச்சான் காட்டிலோ, பிளாட் போடப் போகிற இடத்திலோ இப்படி வட்டமாகக் கல் கிடந்தால் நீங்களும் ஒரு வெள்ளைத் தாள் செலவு பண்ணுங்கள். தொல்லியல் துறை வந்து பார்த்துக்கொள்ளும்.

ஒரே ஒரு பாக்கி. நாங்கள் பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்துக்கு ஜே.சி.பி.க்காரர் வெயிட்டிங் சார்ஜ் கேட்டார். மாமா நைசாக என்னைக் கைகாட்டிவிட்டார். கொடுத்துவிட்டேன். திருப்பூர் வந்து மாசக் கடைசியில் வீட்டுக் கணக்கு எழுத உட்கார்ந்தால், அதை எந்தத் தலைப்பில் போடுவதென்று பேனா நிற்கிறது!